இரவல் லென்ஸ்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அருமைநாயகத்துக்குக் கயிற்றுக்கடை. ஊருக்கெல்லாம் அவர் அண்ணாச்சி. யார் வந்து கயிறு கேட்டாலும் "எதுக்கு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். பதில் வந்ததும் கை தானாக ஒரு சுருளை எடுத்துப் போடும். நைலான் ஒசத்தியா, தேங்காய் நார் ஒசத்தியா என்கிற விசாரமெல்லாம் அந்தக் கடையில் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனிதர், முதன்முதலாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கக் கிளம்பி, கேனானா நிக்கானா என்ற இடத்தில் வந்து நின்றவர்தான். மழை போய் வெயில் வந்து, திரும்பவும் மழைக்காலம் வந்துவிட்டது. ஆள் நகரவில்லை.

செல்போனில் கேமராக்காரர்கள் பேசுகிற வீடியோ எல்லாம் பார்த்தார். கேனான்தான் நல்லது என்று ஒருத்தன் சொன்னால் தலையை ஆட்டுவார். நிக்கான்தான் என்று அடுத்தவன் சொன்னால் அதற்கும் ஆட்டுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே "நிக்கான்... நிக்கான்..." என்று முணுமுணுப்பார்.

"யாரு நிக்கான்? வாசல்ல ஒரு ஈ காக்காயக் காணோம்" என்பாள் அவர் மனைவி கிரேஸ். "என்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காப்பி ஆறதுக்குள்ள சரின்னு சொன்ன ஆளுதான நீங்க? ஒரு கேமராப் பெட்டிக்குப் போயா இந்தப் பாடு?"

அண்ணாச்சி இன்னொரு கவளம் சோற்றைப் பிசைவார். சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளத்து வரப்பில் பெர்பெத்துவா கேமரா வகுப்பு எடுப்பாள். மற்ற நாளெல்லாம் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற பெண். அண்ணாச்சியின் மகளைவிட இளையவள். அதனால் என்ன, படிக்கப் போன இடத்தில் வயசையா பார்ப்பார்கள்? "டீச்சர்" என்று வாய் நிறையக் கூப்பிடுவார் அண்ணாச்சி. மற்றவர்கள் எல்லாரும் கேமராவோடு வருவார்கள். இவர் கேள்வியோடு மட்டும் வருவார்.

"டீச்சர், கேனானா நிக்கானா?"

அவள் தன் கேமராவை அவர் கையில் கொடுத்தாள். கம்பெனிப் பெயர் தெரியாதபடி அதன் நெற்றியில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"கனமா இருக்கு."

"கை வலிக்கா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணாச்சி விடுவாரா? அடுத்த வாரமும் அதையே கேட்டார். அவள் பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து நீட்டினாள். இரண்டிலும் அதே உப்புக் குவியல்.

"எது எந்தக் கம்பெனி, சொல்லுங்க பாப்போம்."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல வெள்ளை நல்லாப் பளிச்சுன்னு விழுந்திருக்கு. இது கேனான். அது நிக்கான்."

"ரெண்டும் என் செல்போன்ல எடுத்தது."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அதுக்கில்ல டீச்சர், வாங்குறதுன்னா எதை வாங்க?" என்றார். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான் போங்கள்.

உப்பளத்தில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்த ஒரு ஞாயிறு. தூரத்தில் தண்ணீர் ஓரமாக வரிசை கட்டி நின்றன. வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அண்ணாச்சி போகவில்லை. பெர்பெத்துவா வரப்பில் உட்கார்ந்து, பிளாஸ்கில் இருந்த டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினாள்.

"எதுக்கு?" என்றாள்.

"எது எதுக்கு?"

"கடையில நீங்க கேக்கதைத்தான் நானும் கேக்கேன். கேமரா எதுக்கு?"

"பறவை எடுக்க."

"பறவை இப்பத்தான வந்துச்சு. நீங்க எப்ப இருந்து கேக்கீங்க!"

"பேத்தி பிறந்திருக்கா. அவளை எடுக்க."

"பேத்தியை எடுக்கச் செல்போன் போதும்."

அண்ணாச்சி தலையைக் குனிந்து டீயைக் குடித்தார். பெர்பெத்துவா பையிலிருந்து ஒரு கேமராவையும் ஒரு லென்சையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"லென்ஸ் நிக்கான். கேமரா கேனான். மாட்டுங்க."

அண்ணாச்சி இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். எத்தனை விதமான முடிச்சுப் போட்ட கை அது. ஒன்றும் நடக்கவில்லை.

"மாட்டாது டீச்சர். வாய் வேற."

"ஆமா. ஒரு வீட்டுச் சட்டிக்கு இன்னொரு வீட்டு மூடி சேராது. அதான், புதுசா வாங்குற ஆள்கிட்ட நான் ஒண்ணு கேப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேமரா இருக்கா?"

"இல்ல." கேள்வி முடியும் முன்னே பதில் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். "ஊரே உங்களை அண்ணாச்சிங்குது. நீங்க அண்ணேன்னு கூப்பிட ஒரு ஆள் இல்லையா?"

தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்பது அண்ணாச்சிக்கு இன்றுவரை தெரியாது. தம்ளரைக் கீழே வைத்தார்.

"இருக்கான்" என்றார். "ஆசீர்வாதம். எனக்கு மூத்தவன். கேமராக் கிறுக்கன். சம்பாதிச்சதை எல்லாம் லென்சா வாங்கிப் போட்டவன். மூணு வருசமாப் பேச்சு இல்ல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததனாலேயே அவர் சொன்னார்.

"அம்மா கட்டில்ல கிடக்கா. மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இவன் கேமராவைத் தூக்கிட்டு வந்து படம் எடுக்கான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சோ! அம்மா சாகக் கிடக்கா, உனக்குப் படம் கேக்குதோ, நீயெல்லாம் ஒரு மனுசனான்னு கேட்டு, கையோட ஒரு தட்டுத் தட்டிட்டேன். சிமெண்டுத் தரையில விழுந்து லென்சு சுக்குநூறாப் போச்சு. சொந்தபந்தம் அம்புட்டும் பாத்துக்கிட்டு நிக்கு. அவன் ஒத்த வார்த்தை பேசல டீச்சர். குனிஞ்சு பொறுக்கிக்கிட்டுப் போயிட்டான்."

நீரடித்து நீர் விலகாது என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். நீர் விலகித்தான் கிடந்தது. ஒரே கோயில், ஒரே ஆராதனை. அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்தால் தம்பி வாசல் பக்கம் உட்காருவார். ஜெபம் முடிந்து கண்ணைத் திறக்கிறபோது முதலில் அண்ணனின் முதுகைத்தான் தேடுவார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த நேரத்துல அவன் அந்தக் கண்ணாடி வழியா அப்படி என்னத்தைத்தான் பாத்தான்?" என்றார் அண்ணாச்சி. "அதை நான் பாக்கணும். அதுக்குத்தான் கேமரா."

சொன்னதும் கண் கலங்கிவிட்டது. உப்புக்காற்றின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டார்.

"அவங்ககிட்ட இருக்கது எந்தக் கம்பெனி?"

"நிக்கான். கழுத்துப் பட்டையில மஞ்ச எழுத்துப் போட்டிருக்கும்."

"அப்ப நீங்க?"

"அதனாலதான் கேனான் வாங்கிருவோம்னு. லென்சுக்காக அண்ணன் வாசல்ல போய் நிப்பான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிரக் கூடாது பாருங்க."

"அப்ப என்னைக்கோ வாங்கியிருக்கலாமே. ஏன் இன்னும் வாங்கல?"

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். இத்தனை காலம் பார்த்த வீடியோக்களில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

"நிக்கானே வாங்குங்க அண்ணாச்சி."

"அதுதான் நல்ல கம்பெனியா?"

"ரெண்டும் நல்ல கம்பெனிதான். உங்க அண்ணன் லென்ஸ் அதுலதான் மாட்டும்."

"உடைச்சவன் நானு. எனக்கு எப்படிக் குடுப்பான்?"

"கேட்டுப் பாத்தீங்களா?"

அண்ணாச்சி கேட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தார். கழுத்தில் மஞ்சள் எழுத்துப் பட்டை. கேமராவின் முன்னால் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். பச்சைப்பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு கையாலும் தாங்கி வந்தார். அன்றைக்குக் கேனானா நிக்கானா என்று கேட்கவில்லை. வரப்பில் மண்டி போட்டு, வேட்டியெல்லாம் சேறாக்கிக்கொண்டு, பூநாரைகளை எடுத்துத் தள்ளினார்.

எல்லாரும் போன பிறகு பெர்பெத்துவா டீ ஊற்றினாள்.

"அண்ணன் லென்சா?"

"ஆமா." முகமெல்லாம் சிரிப்பு. "வழியெல்லாம் மன்னிப்புக் கேக்கப் பாடம் பண்ணிக்கிட்டுப் போனேன் டீச்சர். கதவைத் திறந்தது அவனேதான். பாடம் பண்ணுனது அம்புட்டும் மறந்து போச்சு. அண்ணே, பறவை எடுக்க ஒரு பெரிய லென்சு இரவல் வேணும்னேன். அதான் வாயில வந்துச்சு."

"என்ன சொன்னாங்க?"

"புதுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். என்ன கம்பெனின்னு கேட்டான். நிக்கான்னு சொன்னேன். என் மூஞ்சியையே பாத்தான். அப்புறம் உள்ள திரும்பி மதினியைக் கூப்பிட்டான். 'ஏட்டி, தம்பி வந்து நிக்கான். சோத்தை எடுத்து வை'ன்னான்."

அண்ணாச்சி லென்சின் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். பெர்பெத்துவா பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சதும் கம்ப்யூட்டர்ல அந்தப் படத்தைக் காட்டினான்" என்றார். "அம்மா முகம் இல்ல டீச்சர். அம்மா கை. அந்தக் கையை ஒருத்தன் ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். கயிறு இழுத்து இழுத்துக் காப்புக் காச்சுப்போன கை."

உள்ளங்கைகளை விரித்து அவளிடம் காட்டினார்.

"இந்தக் கைதான்."

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். காற்று அடித்து டீயெல்லாம் ஆறிப்போயிற்று. ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அண்ணாச்சி பழையபடி கடைக்காரர் ஆனார்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். இதே மாதிரி ஒரு லென்சு சொந்தமா வாங்கிரலாம்னு இருக்கேன். அவனை எதுக்குச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணிக்கிட்டு? எதை வாங்கினா நல்லது?"

"இதைத் திருப்பிக் குடுத்தாச்சா?"

"நாளைக்குத்தான் போகணும்."

பெர்பெத்துவா பிளாஸ்கை மூடினாள்.

"சொந்தமா வாங்காதீங்க அண்ணாச்சி. இரவல்னாத்தான் வாங்க ஒரு தரம் போகலாம், குடுக்க ஒரு தரம் போகலாம்."