இருபத்திரண்டு டிக்

“மாஸ்டர், பரிசோதனை எப்போ முடிஞ்சதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஏற்காடு அடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரஸியாவிடம் ஆறு மாதமாகத் தொழில் கற்கிறார். ரஸியாவுக்கு அவர் மகள் வயது.

“ஏன் சார் கேக்கறீங்க?”

“லிஸ்ட்ல இருபத்திரண்டு விஷயம் இருக்கு. எல்லாத்தையும் பாத்து டிக் போட்டுட்டேன். அப்புறமும் ‘முடிஞ்சுதா’ன்னு கேக்கறீங்க.”

மினி வேனின் முன் சீட் தூக்கியிருந்தது. அதற்கடியில்தான் இன்ஜின். புது ஆயில், புது ஃபில்டர், துடைத்த பிளக்குகள். பளபளவென்று இருந்தது.

ரஸியா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“முடிஞ்சுதுன்னா சீட்டை மூடுங்க.”

மூடினார்.

“அக்கா, எல்லாரும் ஏறுங்க!” என்று வெளியே பார்த்துக் கூப்பிட்டாள்.

சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் எட்டுப் பெண்கள், வருஷத்துக்கு ஒரு நாள் மலைக்குப் போகிறவர்கள், பாட்டும் சிரிப்புமாக ஏறினார்கள். பாப்பாத்தி மட்டும் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“எல்லாம் நல்லா பாத்துட்டீங்கல்லங்க சார்? எனக்கு மலைன்னாலே பயம். இருபது கொண்டை ஊசி வளைவு. மேல போய்ச் சேர்ற வரைக்கும் கண்ணைத் தொறக்கவே மாட்டேன்.”

தெய்வசிகாமணி முறுக்கை வாங்கிக்கொண்டார். கடிக்கவில்லை.

“கொஞ்சம் எந்திரிங்கம்மா.”

“ஏனுங்க சார்?”

“சும்மாதான். ஒரு நிமிஷம்.”

பின்னாலிருந்து கூச்சல் எழுந்தது. “சார், மலை உச்சில மதிய சாப்பாடு! அங்க போயி ராத்திரிச் சாப்பாடா ஆயிடப் போவுது!”

அவர் மறுபடி சீட்டைத் தூக்கினார். இந்தத் தடவை லிஸ்ட்டை எடுக்கவில்லை. கண்ணால் பார்த்த ஒவ்வொன்றையும் கையால் தொட்டார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் மேல்பக்கம் புதுசு போலிருந்தது. அடியில் விரலை விட்டு அழுத்தினார். கொழகொழவென்று உப்பியிருந்தது. பாதி மலையில் வெடித்திருக்கும்.

நிமிரவில்லை. ஃபேன் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க வெடிப்பு.

இரண்டையும் மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் பெண்கள் இறங்கி ஒர்க்‌ஷாப் வாசலிலேயே கும்மியடித்து, கட்டுச்சோற்றில் பாதியைக் காலி செய்திருந்தார்கள். டிரைவர் வேனைக் கிளப்ப, அது முதல் வளைவில் மறைந்தபோது, பாப்பாத்தி கண்ணைத் திறந்தபடி கையாட்டிக்கொண்டு போனாள்.

தெய்வசிகாமணி கையைத் துடைத்துக்கொண்டே ரஸியாவிடம் வந்தார்.

“மாஸ்டர், ஹோஸ் உப்பியிருந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“காலைலயே தெரியும்.”

“தெரிஞ்சுமா அவங்களை ஏறச் சொன்னீங்க?”

“ஏறத்தானே சொன்னேன். சாவி என் பாக்கெட்லதான் இருந்துச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

ரஸியா தரையில் கிடந்த பழைய பெல்ட்டை எடுத்தாள். உள்பக்கத்தை வெளியே மடித்து, வெடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“சொல்லியிருந்தா ஹோஸை மட்டும்தான் பாத்திருப்பீங்க. இது எனக்கே தெரியாது சார்.”