தோள் மாற்றுகிற இடம்

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் ஆம்புலன்ஸ் நிலையத்தில் மருத்துவ உதவியாளர் மாசிலாமணிக்கு இரும்புக் கை என்று பெயர். இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சில் அவர் கை வைத்து அழுத்தத் தொடங்கிவிட்டால் வேறு யாரையும் தொடவிட மாட்டார். "மாத்திக்கலாமா அண்ணே?" என்று ஓட்டுநர் தவமணி கேட்டால் ஒரு முறைப்பு. அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த வருடம் அவர் அழுத்திய ஒருவரும் கண் திறக்கவில்லை.

நிலையத்துக்குப் பயிற்சி கொடுக்க ஜெசிந்தா டீச்சர் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவர்; மாசிலாமணியின் வயதுதான் இருக்கும்.

"என் கையில என்ன குறை டீச்சர்?" என்று கேட்டார் மாசிலாமணி.

டீச்சர் பயிற்சிப் பொம்மையைத் தரையில் கிடத்தினார். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் அதன் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும், குறைந்தால் சிவப்பு. விளக்கு மாசிலாமணியின் கண்ணில் படாதபடி ஓர் அட்டையை நிறுத்தி, தவமணியை மட்டும் அந்தப் பக்கம் உட்காரவைத்தார்.

"போதும்னு சொல்ற வரைக்கும் அழுத்துங்க."

அழுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதும். எப்படி இருந்துச்சு?"

"ஆரம்பிச்ச மாதிரியேதான் கடைசி வரைக்கும்."

தவமணி தொண்டையைக் கனைத்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு நிமிஷத்துல சிவப்பு வந்துச்சு. அப்புறம் பச்சையே எரியல. நடுரோட்டு சிக்னலா இருந்தா ஊரே நின்னுருக்கும்."

"பல்பு போயிருக்கும்டா."

டீச்சர் குனிந்து ஓர் அழுத்து அழுத்தினார். பச்சை எரிந்தது.

மாசிலாமணியின் முகம் கறுத்தது. டீச்சர் பேச்சை மாற்றியதுபோல் கேட்டார்.

"திருவிழாவுல உங்களைப் பார்த்தேன். பல்லக்கு தூக்குனீங்க."

"எங்க குடும்பத்து முறை டீச்சர்."

"நாலு வீதியும் நீங்களேவா தூக்குனீங்க?"

"அது எப்படி முடியும்? பின்னாடியே மாத்து ஆள் வருவாங்க. மூலைக்கு மூலை தோள் மாத்துவோம்."

"அப்போ சாமியைக் கீழ வைப்பீங்களா?"

"கீழயா?" மாசிலாமணி பதறிப்போனார். "நடந்துக்கிட்டேதான் மாத்துவோம். பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தோள் வலிச்சதும் மாத்துவீங்க?"

"வலிச்ச பிறகு மாத்துனா பல்லக்கு சாஞ்சிடும் டீச்சர். வலிக்குதோ இல்லையோ, மூலை வந்தா மாத்திடணும்."

டீச்சர் பொம்மையைப் பைக்குள் வைத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அதை வெளியே எடுத்துத் தரையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் தவமணி வேலைக்கு வந்தபோது மாசிலாமணி பொம்மையின் முன் மண்டியிட்டிருந்தார்.

"எதிர்ல உட்காருடா. என் கை எழும்பும்போது உன் கை இறங்கணும்."

"நீங்க எப்போ சோர்வீங்கன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கே தெரியலையே. கடிகாரத்தைப் பாரு. ரெண்டு நிமிஷம் ஆனா 'மூலை'ன்னு சத்தமா சொல்லு."

மழைக்காலம் தொடங்கியபோது பேருந்து நிலையத்தில் பழக்கடை காதர் மொய்தீன் தராசைப் பிடித்தபடியே சரிந்தார். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூச்சும் இல்லை, நாடியும் இல்லை. மாசிலாமணி அங்கேயே மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினார்.

"தூக்கிட்டுப் போங்கய்யா! நடுத்தெருவுல வச்சு என்ன பிசையுறீங்க?" கூட்டம் கத்தியது. காதரின் மனைவி ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஓடுற வண்டியில சரியா அழுத்த முடியாதும்மா. இங்கதான் அவருக்கு நல்லது" என்றார் மாசிலாமணி, கையை நிறுத்தாமல். தவமணி பலூன் பையால் மூச்சு கொடுத்தான்.

"அண்ணே, மூலை!"

ஒரு கை எழுந்தது. மறு கை இறங்கியது. மூச்சுப் பை மாசிலாமணியிடம் வந்தது. நெஞ்சில் ஒட்டியிருந்த மின் அதிர்வுக் கருவி குரல் கொடுத்து விலகச் சொன்னபோது மட்டும் விலகினார்கள். அது அதிர்வு கொடுத்த மறு நொடி மீண்டும் நெஞ்சில் கை. மூலை. மறுபடி மூலை. கூட்டத்தின் கத்தல் அடங்கி, பிறகு கூட்டமே சேர்ந்து "மூலை!" என்றது.

காதரின் கை அசைந்தது. மாசிலாமணி அவர் கழுத்தில் விரல் வைத்தார்.

"நிறுத்துடா தவமணி. இனி அவரே பார்த்துப்பார்."

பேருந்து நிலையமே கைதட்டியது. பேருந்து ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்தி அமர்க்களப்படுத்தினார்கள்.

பொங்கலுக்கு முன் காதர் மொய்தீன் தன் காலால் நடந்து ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்தார். ஒரு கையில் பழக்கூடை. மறு கையில் சால்வை, ஒன்றே ஒன்று.

"என் உயிர் யார் கையில திரும்புச்சோ அவருக்குப் போர்த்தணும். யாருங்க அது?"

"அண்ணன்தான்" என்றான் தவமணி. "சால்வை எனக்குப் பெருசு. தடுக்கி விழுந்துடுவேன்."

மாசிலாமணி கூச்சத்தோடு நெளிந்தார். கடைசியாக அழுத்தியது தவமணி. முதலில் கை வைத்தது அவர். அதிர்வு கொடுத்தது கருவி. பயிற்சிக்கு வந்திருந்த ஜெசிந்தா டீச்சரிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். யார் கையில திரும்புச்சு?"

டீச்சர் கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"நாலு வீதி சுத்தி வந்த சாமி, யார் தோள்ல வந்துச்சு மாசிலாமணி?"