‘வரேன்’ என்றான்

அங்கம்மாவை எரித்துவிட்டு வந்த அன்று மடத்தில் யாரும் உலை வைக்கவில்லை. நந்தவனத்தில் பூத்தொடுத்துக்கொண்டு, மடத்தில் இருந்த அத்தனை பேரையும் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவள்.

மருதப்பன் குருவின் அறை வாசலில் வந்து நின்றான்.

காவிரியில் வெள்ளம் வந்தபோது திட்டில் சிக்கியவர்களை ஏற்றிவரப் பரிசல் தள்ளிப்போன சீடர்கள் இரண்டு பேர். இவன் ஒருவன், தில்லைநாதன் இன்னொருவன். துடுப்புப் போடுவதில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஆற்றில் இறங்கியது அன்றுதான். கூடப் பிறக்காத குறையாகப் பழகியவர்கள், கரைக்கு வந்து “அங்கம்மா எங்கேடா?” என்று ஒருவரையொருவர் கேட்டதோடு பேச்சை விட்டார்கள்.

“சாமி, தப்பு யாருதுன்னு நீங்க சொல்லணும். அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது.”

“என்ன நடந்தது?”

“திட்டுல இருந்த அங்கம்மா குடிசையைப் பார்த்துத்தான் பரிசலைத் திருப்பினேன். மழையில ஆள் தெரியலை. தில்லை குரல் மட்டும் கேட்டது. ‘மருதப்பா, நான் வரேன்’னான். அவளை ஏத்திக்க வரான்னு நினைச்சு, மண்டபத்துல நின்னவங்ககிட்ட போயிட்டேன்.”

“அவன் என்ன சொல்றான்?”

“மத்தவங்ககிட்ட சொல்லியிருக்கான், பரிசல் நிறைஞ்சுடுச்சாம். கரைக்குக் கிளம்புறதைத்தான் சொன்னானாம். நான் அவளை ஏத்திக்குவேன்னு நம்பிப் போனானாம்.” மருதப்பனுக்குக் குரல் உடைந்தது. “போறவன் போறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன சாமி?”

குரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நான் வரேன் மருதப்பா.”

“சரிங்க சாமி, வாங்க” என்று அவன் வழிவிட்டு ஒதுங்கினான்.

குரு வாசலைத் தாண்டாமல் நின்றார். “வரேன்னுதானே சொன்னேன். போறேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?”

“எழுந்து நடந்தீங்களே. பார்த்தேனே.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“அவன் குரல் கொடுத்தப்போ நீ என்ன பதில் சொன்னே?”

“‘சரி, வா’ன்னேன்.”

“அவனுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?”

மருதப்பன் முகத்தைப் பொத்திக்கொண்டான். தில்லைநாதன் முறையாக விடை வாங்கிக்கொண்டுதான் கரைக்குப் போயிருக்கிறான். அவனை இத்தனை நேரம் மனசுக்குள் இவன் திட்டித் தீர்த்திருக்கிறான்.

“அவன் சொன்னான், நான் பதில் சொன்னேன். பேசிக்கிட்டுத்தானே இருந்தோம் சாமி! அப்புறம் எப்படி அவ செத்தா?”

குருவின் கண்ணும் கலங்கியிருந்தது.

“பேசினீங்கப்பா. ஆனா, அங்கம்மா பேரை ரெண்டு பேருமே சொல்லலியே.”