பச்சைக் கோடும் வெள்ளைப் போர்வையும்

குளித்தலைப் பக்கம், ஆற்றில் மணல் மட்டுமே மிஞ்சியிருந்த ஒரு சித்திரை மாதம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் ஆண்கள் வார்டில் வியாகுலம் என்று ஒரு பிரதர் இருந்தார். பெண் நர்ஸை சிஸ்டர் என்பதுபோல ஆண் நர்ஸை பிரதர் என்பார்கள்.

அவருக்கு ஒரு சீடர், பூபாலன். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளிக்கொண்டிருந்தவர், கம்பெனி மூடியதும் நர்ஸிங் படித்துவிட்டு வந்தார். அதனால் குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவை பிரதர் என்பார். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஐஸோடு குடித்தனம் நடத்திய உடம்புக்கு ஆஸ்பத்திரிச் சீருடை ஒத்துவரவில்லை. கெட்டியான வெள்ளைத் துணி. வெயில் ஏறுவதற்குள் ஊறிப்போய் ஒட்டிக்கொள்ளும். மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் டெய்லரிடம் போய் மெல்லிசான துணியில் ஒரு ஜோடி தைத்து வாங்கினார். பனியனையும் விட்டொழித்தார்.

மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டு வராண்டாவில் நடந்தார். காற்று சுகமாகத்தான் இருந்தது. ஆனால் லேசாக வேர்த்ததுமே, உள்ளே போட்டிருந்த பட்டாபட்டி டிராயர் வெளியே தெரிந்தது. பச்சைக் கோடு, பட்டை பட்டையாக. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பூபாலன் நேராகக் குருவிடம் வந்தார்.

"பிரதர், நான் வேலையை விட்டுடறேன்."

"ஏன் அண்ணே?"

"கெட்டித் துணி போட்டா வெந்து சாகறேன். மெல்லிசு போட்டா மானம் போகுது. எனக்குக் காத்தும் வேணும், மானமும் வேணும். ரெண்டும் சேர்ந்து கெடைக்க வழி இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா இன்னையோட சரி."

வியாகுலம் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"சொல்றேன். முதல்ல நல்லேந்திரனை ஆபரேஷனுக்குத் தயார் பண்ணிட்டு வாங்க."

நல்லேந்திரன் லாரி டிரைவர். ஆறடி ஆள். மீசை மட்டும் தனியாகக் கால் கிலோ தேறும். அவருக்குக் குடலிறக்கம். இனியும் தள்ளிப்போட்டால் குடல் முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பூபாலன் போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் நீல கவுன் தொங்கியது.

"போட மாட்டேங்கறார், பிரதர். பின்பக்கம் வெறும் நாடாதான், எல்லாம் தெரியும்கறார். தியேட்டருக்கு வராண்டா வழியாப் போகணும். அங்கே பொண்ணு குடுத்த சம்பந்தி வீடு மொத்தமும் வந்து உக்காந்திருக்கு. அவங்க முன்னாடி இந்தக் கோலத்துல போறதுக்கு வீட்டுலயே கெடந்து சாகறேன்னு பையைத் தூக்கிட்டார்."

"இந்த ஆஸ்பத்திரியிலேயே காத்தோட்டமான துணி அதுதான்," என்றார் குரு. "நீங்க போட்டுப் பாருங்களேன்."

"நானா?"

"காத்து வேணும்னீங்களே."

குரு சொன்னால் சொன்னதுதான். பூபாலன் தட்டிக்குப் பின்னால் போய், டிராயர்மேல் கவுனை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அந்தக் கோடி ஜன்னலைத் திறந்துட்டு வந்துடுங்க."

நாலடி வைத்ததும் ஃபேன் காற்றில் கவுன் பின்னால் இரண்டாகப் பிரிந்து பறந்தது. பச்சைக் கோடு வார்டு முழுக்கத் தெரிந்தது. படுத்துக் கிடந்தவர்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். பூபாலன் இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு ஜன்னலருகே நின்றார். ஜன்னலைத் திறக்கக் கை இல்லை.

"காத்து வருதா அண்ணே?"

"வருது பிரதர். வேண்டாத எடத்துக்கெல்லாம் வருது."

நல்லேந்திரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைக் கீழே வைத்தார். கட்டிலில் கிடந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பூபாலனைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

"கையை எடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

பூபாலன் கையை எடுத்தார். போர்வை கொடுத்ததுகூடப் பெரிதில்லை. அந்த மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அதுதான் பெரிது.

பூபாலன் தன் மெல்லிசுச் சீருடையை மறுபடி மாட்டிக்கொண்டு அதே போர்வையோடு வந்தார். நல்லேந்திரனின் கட்டிலருகே அதைத் திரைபோலப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இப்போ என் முறை. வேட்டியை அவுத்துட்டு இதை மாட்டிக்குங்க. நாடாவைப் பார்க்காமலே கட்டுவேன்."

நல்லேந்திரன் வேட்டி முடிச்சில் கை வைத்தார்.

ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினார் பூபாலன். வியாகுலம் தள்ளினார். வராண்டாவில் அனல் காற்று சுழற்றி அடித்தது. போர்வை கிளம்பப் பார்த்தது. பூபாலன் குனிந்தபடி, இரண்டு பக்கமும் கையால் அமுக்கிக்கொண்டு கூடவே ஓடினார். சம்பந்தி வீட்டார் எழுந்து நின்றார்கள்.

"தைரியமாப் போயிட்டு வாங்கண்ணே," என்றார் சம்பந்தியம்மா.

மீசையை முறுக்க நல்லேந்திரனின் கை ஒன்று வெளியே வந்தது. பூபாலன் அதையும் உள்ளே தள்ளினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நல்லேந்திரனை வார்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் பூபாலனுக்குக் காலையில் கேட்டது ஞாபகம் வந்தது.

"பிரதர், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"வராண்டாவுல ரொம்பப் புழுக்கமா இருந்துச்சா அண்ணே?"

"கவனிக்கலையே."

குரு பூபாலனின் கால்சட்டையைக் காட்டினார். பூபாலன் குனிந்து பார்த்தார். வேர்வையில் தொப்பலாக நனைந்து, பச்சைக் கோடு அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயையோ! இப்படியேவா அத்தனை பேர் முன்னாடியும் ஓடினேன்?"

"ஆமா. நாளைக்குக் கெட்டித் துணியே போட்டுட்டு வாங்க."

பூபாலன் வராண்டாவை எட்டிப் பார்த்தார். காலையில் சிரித்த அதே பெண்கள் அங்கேதான் இருந்தார்கள்.

"ஒருத்தர்கூடச் சிரிக்கலையே, பிரதர்?"

"உங்களை யாரு பார்த்தா அண்ணே? எல்லாரும் அந்தப் போர்வையைத்தானே பார்த்துக்கிட்டிருந்தாங்க."