வடக்கே போன காற்று

குழந்தையம்மாளின் மடம் பெயருக்குத்தான் மடம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பெரிய பானைகள், வருகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளைச் சோறு. அம்மாளுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடராக வந்து சேர்ந்த வைத்திலிங்கத்துக்கு அறுபத்துமூன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இவரை ‘அம்மா’ என்பார், இவர் அவரை ‘ஐயா’ என்பார். ஊரில் சிலர் சிரித்தார்கள். இவர்களுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

புயல் அடித்து நான்காம் நாள் காலை, வைத்திலிங்கம் மடத்துக்கு வந்து, பாத்திரம் தேய்க்காமல் சும்மா உட்கார்ந்தார்.

“உடம்புக்கு என்ன?”

“மூணு நாளா மரம் இழுத்த வலிதாம்மா. அது கிடக்கட்டும். எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு.”

விஷயம் இதுதான். புயல் நேராகத் தங்கள் ஊரில்தான் கரையேறும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டில் அவர் மகள், பிறந்து ஒரு வாரமான குழந்தையோடு படுத்திருந்தாள். பழைய ஓட்டு வீடு. அவர் பிடாரி கோயில் பக்கம் திரும்பி, “வடக்கே போகட்டும் தாயே, பொங்கல் வைக்கிறேன்” என்று கும்பிட்டார். முப்பது வருஷம் பஸ்ஸுக்கு ரைட் சொன்ன வாய், புயலுக்கும் வழி சொல்லிப் பார்த்தது. புயல் கேட்டுக்கொண்டது. எட்டு மைல் வடக்கே, சம்பாக்காட்டில் கரையேறியது.

ஊர் முழுக்க ‘நல்லவேளை’ என்றது. டீக்கடையில் அதே பேச்சு, குழாயடியில் அதே பேச்சு. அவரும் வாய் நிறையச் சொன்னார். மறுநாள் விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆட்களோடு சம்பாக்காட்டுக்குப் போனார். திரும்பி வந்தபிறகு அந்த வார்த்தை அவருக்கு வரவில்லை.

“பொங்கல் வச்சா, அந்த ஊரு அழிஞ்சதுக்கு வச்ச மாதிரி இருக்கு. வைக்காம விட்டா, பேத்தியைக் காப்பாத்திக் கொடுத்த சாமியை ஏமாத்தின மாதிரி இருக்கு. நான் சந்தோஷப்படலாமா, கூடாதாம்மா?”

அம்மாள் பானைகள் இருந்த பக்கம் திரும்பினார்.

“அரிசி வாங்கியாச்சா?”

“வாங்கிட்டேன். வெல்லமும் இருக்கு.”

“பெரிய பானையை எடுங்க. சம்பாக்காட்டுக்குப் போவோம்.”

“அங்கயா? அந்த வேண்டுதலை வச்சுக்கிட்டு அங்க போய் எப்படிம்மா?”

“சாப்பிட ஆள் அங்கதானே இருக்கு.”

நிவாரணச் சாமான் ஏற்றிப்போன டிராக்டரில் இடம் கிடைத்தது. வழியெல்லாம் வாழை படுத்துக் கிடந்தது. கூரை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில்தான் ஜனங்கள் தங்கியிருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுது முடித்துக் களைத்திருந்தார்கள்.

வாசலில் மூன்று கல் கூட்டிப் பானையை ஏற்றினார்கள். விறகுதான் பிடிக்கவில்லை. எல்லாம் நனைந்த மரம். வைத்திலிங்கம் ஊதி ஊதிப் பார்த்தார். புகை அவர் கண்ணுக்குள் போனதுதான் மிச்சம்.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றாள். பூங்காவனம் என்று பெயர். விலகிப் போனவள், வாய் கட்டிய உரச்சாக்கு ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரித்தால், உள்ளே காய்ந்த சவுக்கு விறகு.

“எங்கேம்மா கிடைச்சுது இது?” என்றார் வைத்திலிங்கம்.

“கோயில் மண்டபத்துல போட்டு வச்சிருந்தேன். அது காங்கிரீட்டு, நனையல. காத்து எங்க பக்கம் வராம தெற்கே போயிட்டா பொங்கல் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டு எடுத்து வச்ச விறகு.” அவள் சாக்கை உதறி மடித்தாள். “காத்து எங்க மேலயே வந்துடுச்சு. சுவரு விழுந்து மாமனாரும் போயிட்டாரு. தீட்டு வீடு வேற. இனி இதை வச்சு நான் என்ன பண்ண? நீங்க எரிங்க.”

வைத்திலிங்கம் விறகைத் தொடவில்லை. அம்மாள்தான் எடுத்து அடுப்பில் வைத்தார். உடனே பற்றிக்கொண்டது.

பானை சூடேறியது. பிள்ளைகள் சுற்றிவந்து உட்கார்ந்தன.

“துக்கம் நடந்த ஊருல வெல்லம் போடலாமாம்மா?” என்று மெல்லக் கேட்டார் வைத்திலிங்கம்.

“பிள்ளைங்க வெல்லக் கட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. போடுங்க.”

பானை பொங்கி வந்தது. எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பது வழக்கம். அதை வைத்து நல்லது கெட்டது சொல்வார்கள். வைத்திலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வடக்கே வழிந்தாலும் சரி, தெற்கே வழிந்தாலும் சரி, அவருக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. கூட்டத்தில் ஒரு பெண், பழக்கத்தில், குலவையிட வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள். பாதியில் இறக்கிவிட்டாள்.

கிழிந்த வாழையிலைத் துண்டுகளோடு வரிசை நின்றது. வைத்திலிங்கம் ஒவ்வொரு துண்டாக வாங்கி, பொங்கலை வைத்துக் கொடுத்தார். பூங்காவனத்தின் முறை வந்தது.

“ஐயாவுக்கு எந்த ஊரு?”

முப்பது வருஷம் ஊர்ப்பேர் கூவிய மனிதருக்கு, தன் ஊர்ப்பேர் வாயில் எழவில்லை.

“தெற்கே” என்றார். “எட்டு மைல்.”

அவள் அவரையே பார்த்தாள். அடுப்பில் எரிகிற தன் விறகையும் ஒருமுறை பார்த்தாள்.

“நானும் வேண்டிக்கிட்டேம்மா. வடக்கே போகட்டும்னு. இது அந்தப் பொங்கல்தான்” என்றார் வைத்திலிங்கம் அவளிடம்.

வரிசை நகரவில்லை. பின்னாலிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை.

“வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“இருக்காங்க. பேத்தி பொறந்து பதினோரு நாள் ஆகுது.”

“நல்லவேளை” என்றாள் பூங்காவனம். இலையை வாங்கிக்கொண்டு, சுவரோரம் போய் உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

 வைத்திலிங்கத்துக்குக் கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“அம்மா, நான் இப்ப கும்பிடணும். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடறது?”

அம்மாள் அடுத்த இலைத் துண்டை வாங்கி அவர் கையில் வைத்தார்.

“கும்பிட ரெண்டு கை வேணுமே, ஐயா. உங்களுக்கு ஒண்ணுல அகப்பை இருக்கு, ஒண்ணுல இலை இருக்கு.”