தவிலைத் துளைத்த தோட்டா

ஆலங்கரை ஜமீன்தாருக்குச் சீமையிலிருந்து புதுத் தோட்டா வந்தது. மச்சான் கீழக்கோட்டையாரின் பழைய தோட்டாவைவிட அது மரத்தை ஆழமாகத் துளைக்கும் என்று ஊரைக் கூட்டிப் பந்தயம் கட்டிவிட்டார். மாம்பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, எத்தனை பலகை துளைத்தது என்று பார்த்துச் சொல்லும் வேலை அரண்மனை வேலைக்காரன் மாசானத்துக்கு.

"என் தோட்டா ஒரு பலகையாவது கூடப் போகணும். இல்லேன்னா உன் தோலை உரிச்சிருவேன்" என்று காதோடு சொல்லிவைத்தார் ஜமீன்தார்.

கீழக்கோட்டையார் சுட்டார். ஏழு பலகை. அடுத்து ஜமீன்தார் சுட்டார். பந்தயத்துக்கு வாசிக்க வந்த தவில்காரர் தள்ளி ஓரமாக வைத்திருந்த தவில் உருண்டது.

"எத்தனைடா?"

"கீழக்கோட்டையார் தோட்டா ஏழு பலகை, மகாராசா. உங்க தோட்டா ஒரு தவில். ரெண்டு பக்கத் தோலும் போச்சு."

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. "திமிரா? போய்ப் பலகைக்கு முன்னாடி நில்லுடா! உன்னையும் சேர்த்துத் துளைக்குதா இல்லையா பாரு!"

மாசானம் கும்பிட்டான். "மகாராசா புண்ணியம். எங்கே போய் நிக்கிறதுன்னு தெரியாமத்தான் முழிச்சுக்கிட்டிருந்தேன்." ஓடிப்போய்ப் பலகைக்கு நேர்முன்னே நின்று, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஜமீன்தார் துப்பாக்கியைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். மாசானத்துக்குப் பக்கத்தில் தவில்காரர் ஓடிவந்து நின்றார். அவரை ஒட்டிக் கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையை இடித்துக்கொண்டு கீழக்கோட்டையார்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சாமி," என்றான் மாசானம். "ராணியம்மாவும் வர்றாங்க."