எட்டுக்கு அப்புறம்

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் எனக்குப் பொய்யாப் படுது?"

வனமாலா மாஸ்டர் இதைக் கேட்டது சவுண்ட் இன்ஜினியர் யாகூபிடம். கேமராமேனிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று. அவர் வெளிச்சத்தைக் குறை சொன்னார்.

மாஸ்டர் முப்பது வருடம் சினிமாவுக்கு நடனம் அமைத்தவர். இப்போதுதான் முதல் படம் இயக்குகிறார். டான்ஸ் மாஸ்டருக்கு எதற்கு டைரக்‌ஷன் என்று கோடம்பாக்கம் முழுக்கப் பேச்சு. பேசட்டும், அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா.

படத்தில் அவருக்கு உயிரான காட்சி ஒன்றுதான். புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவள் அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

நடிப்பவள் சகாயமேரி. இருபத்திரண்டு வருடம் மாஸ்டரின் குழுவில் கடைசி வரிசையில் ஆடியவள். அத்தனை பாட்டிலும் அவள் முகம் ஒருமுறைகூட முழுசாகத் திரையில் வந்ததில்லை. உனக்கு ஒரு குளோசப் வைக்கிறேன் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

படப்பிடிப்பு நடக்கும் இந்த வீடு இன்று சாயங்காலம் வரைதான் கிடைக்கும். ஆறு டேக் போயிருந்தது.

"அழறாளா இல்லையா?"

"அழறாங்க மாஸ்டர்."

"கண்ணீர் வருதா?"

"கிளிசரின் இல்லாமலே வருது."

"அப்புறம் என்னதான் குறை?"

யாகூபுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதிகம் பேசாத ஆள். ஹெட்போனைக் கழற்றி மாஸ்டர் காதில் மாட்டி, ஆறாவது டேக்கை ஓடவிட்டார்.

ஃபேன் சத்தம். சட்டை கசங்கும் சத்தம். அதற்கு மேல் கிசுகிசுப்பாக ஒரு குரல்.

"ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்."

எய்ட்டில் சகாயமேரி விசும்பினாள்.

"யாரது?" என்று கோபமாகக் கேட்டார் மாஸ்டர். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

பாட்டு எடுக்கும்போது எவ்வளவு கத்தி எண்ணினாலும் படத்தில் விழாது. இந்தப் படத்தில் டப்பிங் கிடையாது, எல்லாச் சத்தமும் அங்கேயே பதிவாகிறது. மாஸ்டர் எண்ணுவது யூனிட்டுக்கு ஃபேன் ஓடுவது மாதிரி, யாகூபைத் தவிர யாரும் கவனிக்கவே இல்லை. சகாயமேரி மட்டும் அந்த எட்டுக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்து பழகியவள். பாவம், இன்றைக்கும் காத்திருந்தாள்.

மாஸ்டருக்கு அவமானமாக இருந்தது. வாயில் துணியைக் கட்டிக்கொண்டு இன்னொரு டேக் போகலாம் என்றார்.

"வேண்டாம் மாஸ்டர். எனக்கு ரூம் டோன் ஒரு நிமிஷம் குடுங்க."

ரூம் டோன் என்றால் அறையின் சத்தம். யாரும் பேசாமல் அசையாமல் இருக்க, அதை மட்டும் பதிவு செய்துகொள்வார்கள்.

"கேமராவும் ஓடட்டும்" என்றார் யாகூப்.

சத்தத்துக்குக் கேமரா எதற்கு என்று முணுமுணுத்தார் கேமராமேன். மாஸ்டர் யாகூபைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

சகாயமேரியை அப்படியே உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். நடிக்க வேண்டியதில்லை.

ஹெட்போன் மாஸ்டர் காதிலேயே இருந்தது. ஃபேன். தெருவில் ஐஸ் வண்டியின் மணி. பிறகு ஒரு மூச்சு, ரொம்பப் பக்கத்தில். இத்தனை வருடமும் அவர் கேட்காத, சகாயமேரியின் மூச்சு. பாட்டு எப்போதும் அதைவிடச் சத்தமாக இருந்தது.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். சகாயமேரி சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம் முடிந்தது. யாகூப் பதிவை நிறுத்தவில்லை. மாஸ்டரும் கட் சொல்லவில்லை. அவருக்கும் அழுகை வந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சகாயமேரி பயந்துபோய் எழுந்து வந்தாள்.

"மன்னிச்சுடுங்க மாஸ்டர். அசையக் கூடாதுன்னு சொன்னீங்க, கெடுத்துட்டேன். எந்த கவுண்ட்ல அழுதேன்னுகூடத் தெரியல."

மாஸ்டர் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எனக்கும் தெரியலடி" என்றார். "நான் எண்ணல."